பழைய கடைத்தெருக்களை வழிகாட்டியுடன் நடந்து பார்ப்பது எப்படி?

நம் நகரங்களின் பழைய கடைத்தெருக்களுக்குள் நுழைய யாரும் சீட்டுக் கேட்பதில்லை. சென்னையின் சௌகார்பேட்டைக்கோ தில்லியின் சாந்தினி சௌக்கிற்கோ மெட்ரோவில் போய் இறங்கி, மனம் போன போக்கில் சுற்றிவிட்டு வந்துவிடலாம். அதற்கு எதற்குக் காசு கொடுத்து ஒரு வழிகாட்டி என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானதே. ஆனால் தனியாகப் போகிறவர் பெரும்பாலும் சில்லறைக் கடைகளின் முகப்பைப் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார். எந்தச் சந்துக்குள் திரும்பினால் மொத்த வியாபாரிகளின் கிட்டங்கி வரும், எந்த மாடிப்படியில் ஏறினால் யாரும் தடுக்கமாட்டார்கள், எப்போது சரக்கு இறங்கும், எந்தக் கடைக்காரர் வேலைக்கு நடுவிலும் முகம் சுளிக்காமல் பேசுவார் என்பதெல்லாம் அந்தத் தெருவில் நெடுநாள் பழகியவருக்கே தெரியும். அந்தப் பழக்கத்துக்காகத்தான் வழிகாட்டிக்குப் பணம் கொடுக்கிறோம். வரலாற்றுத் தேதிகளை வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம்.

ஊரை முடிவு செய்தவுடன் நேரத்தை முடிவு செய்யுங்கள். பாதிப் பயன் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு சந்தைக்கும் அதற்கென்று ஒரு பொழுது உண்டு. கொல்கத்தாவில் ஹவுரா பாலத்தை ஒட்டியுள்ள மல்லிக் காட், பெங்களூரின் கே.ஆர். மார்க்கெட், மதுரை மாட்டுத்தாவணி ஆகிய இடங்களின் பூச்சந்தைகள் விடிவதற்கு முன்பே கலகலப்பாகிவிடும். காலை உணவை முடித்துக்கொண்டு நிதானமாகப் போகிறவருக்கு மிஞ்சுவது நசுங்கிய இதழ்களும் ஈரத் தரையுமே. அகமதாபாத்தின் மாணேக் சௌக்கிற்கோ ஒரே நாளில் மூன்று முகங்கள் உண்டு. காலையில் காய்கறி விற்கும் இடத்தில் பகலில் நகை வியாபாரம் நடக்கும். நகைக்கடைகள் அடைத்தபின் இரவில் அதே சதுக்கத்தில் உணவுக்கடைகள் முளைத்துவிடும். ஐதராபாத்தில் சார்மினாரை ஒட்டிய லாட் பஜாரின் அரக்கு வளையல் கடைகளைப் பார்க்க, விளக்கொளியில் கற்கள் மின்னும் மாலையே ஏற்ற நேரம்.

விடுமுறை நாளையும் கேட்டுக்கொள்ள வேண்டும். சாந்தினி சௌக் வட்டாரத்திலும் சென்னை ஜார்ஜ் டவுனிலும் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மொத்த விற்பனைக் கடைகள் அடைத்திருக்கும். மும்பை சோர் பஜாரின் பழம்பொருள் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தில்லி தரியாகஞ்சின் பழைய புத்தகச் சந்தையோ ஞாயிறன்று மட்டுமே கூடும்; நடைபாதையில் இருந்த அது, 2019-க்குப் பிறகு மகிளா ஹாட் வளாகத்தில் நடக்கிறது. தீபாவளிக்கு முந்திய வாரத்தில் எந்தக் கடைத்தெருவும் பார்க்க அழகாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் வழிகாட்டி சொல்வது காதில் விழாது, நின்று பார்க்கவும் இடம் கிடைக்காது. முதல் முறை போகிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

வழிகாட்டிகளில் பல வகை உண்டு. அகமதாபாத் மாநகராட்சி 1997 நவம்பரில் தொடங்கிய பாரம்பரிய நடை உலா இன்றும் பலருக்கு முன்மாதிரியாக இருக்கிறது. காலூப்பூர் சுவாமிநாராயண் கோயிலில் காலையில் புறப்பட்டு, பழைய குடியிருப்புச் சந்துகளின் வழியே வந்து, மாணேக் சௌக்கை அடுத்த ஜாமா மசூதியில் முடிகிறது. பெருநகரங்களில் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள் நடத்தும் சிறிய உலாக்களும், பயண நிறுவனங்கள் நடத்துபவையும், கட்டணம் வாங்காமல் கடைசியில் மனமுவந்து கொடுப்பதைப் பெற்றுக்கொள்ளும் உலாக்களும் உள்ளன. சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை வைத்திருப்பவரா என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் கடைத்தெருவைப் பொறுத்தவரை அட்டையைவிடப் பெரிய தகுதி, அவர் வரும்போது கடைக்காரர்கள் தலையை நிமிர்த்தி ஒரு வார்த்தை பேசுகிறார்களா என்பதே. அந்த வட்டாரத்தில் பிறந்து வளர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது.

முன்பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். குழுவில் எத்தனை பேர் வருவார்கள்? பத்துப் பேரைத் தாண்டினால் அது உலா அல்ல, ஊர்வலம். குறுகிய சந்தில் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது, கடைக்காரருக்கும் வியாபாரம் தடைபடும். எந்த மொழியில் பேசுவார்? மதுரையிலும் சென்னையிலும் தமிழிலேயே கேட்டுப் பெறலாம். வடக்கே இந்தியோ ஆங்கிலமோதான் கிடைக்கும் என்பதால், வீட்டுப் பெரியவர்களை அழைத்துச் செல்பவர்கள் இடையிடையே மொழிபெயர்த்துச் சொல்ல நேரம் தருவாரா என்றும் கேட்க வேண்டும். கட்டணத்தில் சிற்றுண்டி சேர்த்தியா, மழை வந்தால் பணம் திரும்புமா என்பவை சின்ன விஷயங்கள், ஆனால் பின்னால் மனக்கசப்பு வருவது இவற்றில்தான்.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: “வழியில் எந்தெந்தக் கடைகளில் நிறுத்துவீர்கள், அங்கே ஏதாவது வாங்க வேண்டியிருக்குமா?” சுற்றுலா ஊர்களில் கம்பளம், சால்வை, கல் பதித்த நகை, வாசனைத் திரவியம் விற்கும் கடைகள் ஆளை அழைத்து வருபவருக்குத் தரகு கொடுப்பது எல்லோரும் அறிந்த நடைமுறை. அந்தத் தரகு நம் பில்லில்தான் ஏறுகிறது. கட்டணம் நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருப்பதும், உலாவின் நடுவில் குளிரூட்டப்பட்ட ஒரு காட்சியறையில் உட்காரவைத்துக் குளிர்பானம் கொடுத்து அரை மணி நேரம் கழிப்பதும் இதற்கான அடையாளங்கள். என் கணிப்பில், யாரும் எதையும் வாங்க வாய்ப்பே இல்லாத இடங்களில் அதிக நேரம் நிறுத்துகிறவரே நல்ல வழிகாட்டி: தராசுக்காரர், சாக்குத் தைப்பவர், நகைப்பட்டறை, சுமைகூலிகள் தேநீர் குடிக்கும் முனை.

அப்படிப்பட்டவர் மதுரைப் பூச்சந்தையில் உங்களை மல்லிகை மூட்டை பிரிக்கும் இடத்தில் நிறுத்துவார். வாங்க வந்தவர் மேலாக இருக்கும் மொக்கை நம்புவதில்லை. கையை உள்ளே விட்டு அடியில் இருப்பதை அள்ளியெடுத்து, ஈரம் எவ்வளவு, மொக்கு இறுக்கமாக இருக்கிறதா, மாலைக்குள் விரிந்துவிடுமா என்று உள்ளங்கையில் உருட்டிப் பார்த்த பிறகே விலைக்கு வருகிறார். தண்ணீர் கோத்த பூ எடை காட்டும், ஆனால் சீக்கிரம் கெட்டுவிடும். இங்கே கிலோவில் கைமாறும் பூ, கோயில் வாசலுக்குப் போனதும் முழத்தில் விற்கப்படுகிறது. முகூர்த்த நாளுக்கு முன்னும், பனியால் வரத்து குறையும் மார்கழி, தை மாதங்களிலும் விலை எப்படி ஏறுகிறது என்பதை வழிகாட்டி அன்றைய விலையோடு சேர்த்துச் சொன்னால், 2013-இல் மதுரை மல்லிக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டைப் பற்றித் தனியாக உரை எதுவும் தேவைப்படாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை ஜார்ஜ் டவுன். வார நாளில் காலை எட்டு மணி அளவில் உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்தில் கூடி, என்.எஸ்.சி. போஸ் சாலை வழியாகக் கிழக்கிலிருந்து மேற்காக நடக்கும்படி வழிகாட்டியிடம் கேளுங்கள். இந்தச் சாலையிலிருந்து பிரியும் தெருக்களில் தெருவுக்கு ஒரு சரக்கு என்ற பழைய ஏற்பாடு இன்னும் பெருமளவுக்கு நிலைத்திருக்கிறது. பத்ரியன் தெருவில் பூ, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் திருமண அழைப்பிதழும், கோடவுன் தெருவில் துணி என்று முகவரியைக் கேட்டாலே சரக்கு தெரிந்துவிடும். தேவராஜ முதலி தெருவை ஒட்டியுள்ள சென்னகேசவப் பெருமாள், சென்ன மல்லீசுவரர் கோயில்களில் சற்று நிற்க வேண்டும். இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில் முன்பு இருந்த கோயில், கோட்டையின் பாதுகாப்பைக் காரணம் காட்டி 18-ஆம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியாரால் இடிக்கப்பட்டு, பின்னர் இங்கே கட்டப்பட்டது. மெட்ரோவிலிருந்து நீங்கள் நடந்து வந்த அதே தொலைவைத்தான் கோயிலும் கடந்து வந்திருக்கிறது.

அங்கிருந்து கொத்தவால் சாவடி. நகரத்துக்கே காய்கறி கொடுத்த இந்தச் சந்தையின் மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது; ஆனாலும் மளிகைக் கடைகள் நிறைந்த சந்துகளில் மிளகாய் நெடியும் மஞ்சள் தூசியும் அப்படியே இருக்கின்றன. நாணயச்சாலை இருந்த தங்கசாலைத் தெருவில் உலாவை முடித்தால், பதினொரு மணிப் பசிக்குச் சௌகார்பேட்டையின் கச்சோரி கிடைக்கும். குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்களின் கைப்பக்குவமும் நம் ஊர் முறுக்கும் சேர்ந்த முறுக்கு சாண்ட்விச்சை இந்த வட்டாரத்தில் தின்று பார்க்காமல் திரும்பக் கூடாது. கண்ணெதிரே சூடாகத் தயாராகும் பண்டமாகவும், கூட்டம் இருக்கும் கடையாகவும் பார்த்துச் சாப்பிட்டால் வயிற்றுக்குப் பயமில்லை.

காலணி விஷயத்தில் கவனம் தேவை. பூச்சந்தை, மீன்சந்தைத் தரையில் ரப்பர் செருப்பு வழுக்கும். பின்பட்டை வைத்த, பிடிமானமுள்ள காலணி வேண்டும். ஆனால் வழியில் கோயிலோ மசூதியோ குருத்வாராவோ வரும் என்பதால் சட்டென்று கழற்றக்கூடியதாகவும் இருக்கட்டும். தில்லியின் சீஸ் கஞ்ச் குருத்வாராவுக்குள் செல்ல ஆண்களும் தலையை மூட வேண்டும். ஒரு கைக்குட்டை போதும். கைப்பையை முன்பக்கமாக மாட்டிக்கொள்ளுங்கள். யுபிஐ எங்கும் செல்லும், ஆனாலும் பத்து, இருபது ரூபாய் நோட்டுகள் கையில் இருக்கட்டும். கழிப்பறை வசதி இந்தத் தெருக்களின் பெரிய குறை. குறிப்பாகப் பெண்கள், எந்த இடத்தில் நிறுத்தம் இருக்கும் என்பதை முதலிலேயே கேட்டு வைப்பதில் கூச்சப்படத் தேவையில்லை. தில்லியின் காரி பாவ்லி மசாலாச் சந்தைக்குப் போகிறவர்கள் முகக்கவசம் கொண்டுபோக வேண்டும். மிளகாய் மூட்டைகள் நடுவே ஐந்து நிமிடம் நின்றால் இருமலும் தும்மலும் நிற்காது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிடலாம்.

சாந்தினி சௌக்கின் முக்கியச் சாலையில், செங்கோட்டை முனையிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை, காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஆகவே வாடகைக் காரை நம்பாமல் மெட்ரோவில் போவதே சரி. அந்தச் சாலை தவிர மற்ற எந்தக் கடைத்தெருவிலும் நடப்பவருக்கு முன்னுரிமை என்று நினைத்துவிடக் கூடாது. தலையில் மூட்டையோடு வருபவராலும், சரக்கேற்றிய கைவண்டியைத் தள்ளி வருபவராலும் சட்டென்று நிற்க முடியாது. நின்றால் மறுபடி வேகம் எடுப்பது பெரும்பாடு. பின்னால் குரல் கேட்டவுடன், திரும்பிப் பார்த்துக்கொண்டு நிற்காமல், சுவரோரம் ஒதுங்கிவிட வேண்டும். வழிகாட்டியின் விளக்கத்தைக் கேட்கும்போதும் தெருவின் நடுவில் வட்டமாக நிற்காமல் ஓர் ஓரமாக நிற்பதே முறை.

காலையில் முதல் போணி ஆவதற்கு முன் விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்வதைத் தவிர்க்கவும். நம் ஊரைப் போலவே வடக்கிலும் பல வியாபாரிகள் அதை மனத்தில் வைத்துக்கொள்வார்கள். மொத்தக் கடையில் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு பேரம் பேசுவது அவர்களுக்கு எரிச்சலூட்டும். நடைபாதைக் கடைகளில் பேசலாம், ஆனால் வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும். படம் எடுக்க வேண்டுமானால் கண்ணைப் பார்த்து ஒரு தலையசைப்பு வாங்கிக்கொள்ளுங்கள். நகைப்பட்டறைகளிலும் சோர் பஜாரிலும் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும்.

உலாவின்போதே கடையைக் கொள்ளையடிப்பதுபோல் வாங்கிக் குவிக்க வேண்டாம். பை கனத்தால் நடை தளரும், குழுவும் காத்திருக்கும். பிடித்த கடையின் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் தனியாகப் போனால் விலையும் படியும். மசாலாப் பொருள்களை அரைத்த தூளாக வாங்காமல் முழுதாக வாங்குங்கள். கலப்படத்தைக் கண்ணால் காண அதுவே வழி. தங்கநகைக்கு பிஐஎஸ் முத்திரையும் ஆறு இலக்க எண்ணெழுத்துக் குறியீடும் இருக்கிறதா என்று உருப்பெருக்கியில் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 2023 ஏப்ரல் முதல் இந்தக் குறியீடு இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைக்காரர் விற்கக் கூடாது. வெளிநாட்டில் வாழும் உறவினர்களோடு பழம்பொருள் கடைகளுக்குச் செல்கிறவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்கு மேற்பட்ட சிற்பம், ஓவியம், கலைப்பொருள் போன்றவற்றைத் தனிநபர் நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல முடியாது. கையெழுத்துச் சுவடிகளுக்கு அந்த வரம்பு எழுபத்தைந்து ஆண்டு. “நூற்றைம்பது வருஷத்துப் பொருள்” என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால், அது உண்மையானாலும் சிக்கல், பொய்யானாலும் நஷ்டம்.

முடிவில், கட்டணமில்லா உலாவாக இருந்தால், அதே ஊரில் கட்டண உலாவுக்கு எவ்வளவு வாங்குகிறார்களோ அதை மனத்தில் கொண்டு கொடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தொண்டை கட்டப் பேசியவருக்கு ஐம்பது ரூபாயை நீட்டுவது அழகல்ல. பட்டறையைத் திறந்து காட்டியவருக்கோ தேநீர் வாங்கித் தந்த கடைக்காரருக்கோ தனியாக ஏதும் தர வேண்டுமா என்பதை, அவர்கள் காதில் விழாமல் வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளவும். சில இடங்களில் அது வழக்கம், சில இடங்களில் பணத்தை நீட்டினால் வருத்தப்படுவார்கள்.