கொல்லிமலை மண்பாதைக்கு டயர் மாற்றினேன்

போன ஐப்பசி மழையில், உர மூட்டைகளோடு எங்கள் தோட்டத்துக்கு ஏறும்போது பிக்கப்பின் பின்பக்கம் அப்படியே பள்ளத்தை நோக்கி வழுக்கியது. இறங்கிப் பார்த்தால், டயர் வெட்டுகளைச் செம்மண் அடைத்து, சுட்ட பானை மாதிரி வழவழவென்று இருந்தது. டயர் புதுசுதான், ஆனால் தார்ரோட்டுக்கானது.

சேற்றுக்கென்றே பெரிய ரப்பர் கட்டைகளோடு வரும் மட் டெர்ரெய்ன் டயர் போடத்தான் முதலில் ஆசை. ஆனால் என் ஓட்டத்தில் முக்கால்வாசி தார்ரோடு. மலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் நனைந்திருக்கும்போது, இடைவெளி அதிகமுள்ள அந்தக் கட்டைகள் தாரைச் சரியாகப் பிடிக்காது. இரைச்சல் வேறு. அதனால் தார், மண் இரண்டுக்கும் பொதுவான ஆல் டெர்ரெய்ன்.

அளவு அதே 265/65 ஆர்17. பெரிசு போட்டால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும், ஸ்டியரிங் திருப்பும்போது உரசவும் செய்யும். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோடு இண்டெக்ஸ் 112, அதாவது ஒரு டயருக்கு 1,120 கிலோ. மூட்டை ஏற்றுகிறவர்கள் கம்பெனி சொன்ன இண்டெக்ஸுக்குக் கீழே இறங்கவே கூடாது. அப்புறம் தயாரிப்புத் தேதி: பக்கவாட்டில் 1425 என்றிருந்தால் 2025-இன் 14-வது வாரம்.

மைலேஜ் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பரவாயில்லை. இந்த மழையில் அதே ஏற்றத்தில், டயரிலிருந்து மண் கட்டிகட்டியாகத் தெறிப்பதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஏறினேன்.