‘ஆஃப்’ வந்தால் அடித்துவிடுங்கள்

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வில் கோடிட்ட இடத்துக்கு ‘இஸ்’ஸா ‘ஆர்’ரா என்று குழம்பினால், ‘ஆஃப்’ (of) தொடங்கிக் கோடிட்ட இடம் வரை உள்ளதை மனதுக்குள் அடித்துவிடுங்கள். ‘தி பாக்ஸ் ஆஃப் மேங்கோஸ் ஃப்ரம் முதலமடா’ என்பதில் மிஞ்சுவது ‘பாக்ஸ்’ மட்டும். பெட்டி ஒன்றுதான், எனவே ‘இஸ்’. ‘அலாங் வித்’ வந்தாலும் இதே வெட்டுதான்.

தமிழில் ‘முதலமடை மாம்பழப் பெட்டி’ என்போம். பெட்டி கடைசியில், வினையை ஒட்டி நிற்கும். ஆங்கிலத்தில் பெட்டி முதலிலேயே வந்துவிடுகிறது, வினைக்குப் பக்கத்தில் மாம்பழங்கள் உட்கார்ந்து நம்மை ஏமாற்றுகின்றன. முதலமடை இருக்கும் கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், கொல்லங்கோடு பக்கம் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசும் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கல்: மலையாளத்தில் அவன், அவள், அவர்கள் யார் வந்தாலும் ‘வந்நு’தான். நாமும் பேச்சில் ‘மாடுங்க வந்துச்சு’ என்கிறவர்கள்தானே! அதனால் இந்த இடத்தில் காதை நம்பாதீர்கள்.

‘சம் ஆஃப்’, ‘மோஸ்ட் ஆஃப்’, ‘ஹாஃப் ஆஃப்’ வந்தால் மட்டும் வெட்டாதீர்கள். அங்கே ‘ஆஃப்’புக்குப் பின்னால் இருப்பதுதான் ஒருமை பன்மையைத் தீர்மானிக்கும். ‘எ நம்பர் ஆஃப்’ என்றால் பன்மை, ‘தி நம்பர் ஆஃப்’ என்றால் ஒருமை. ‘ஐதர்... ஆர்’ (either... or) வாக்கியத்தில் வினைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். அப்புறம், எம்பிஏ படிக்க ஜிமேட் தேர்வு எழுதுகிறவர்கள் இதற்கு மெனக்கெட வேண்டாம். 2023-இல் வந்த புதிய வடிவத்தில் வாக்கியத் திருத்தப் பகுதியே இல்லை. பழைய புத்தகம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள்.