டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்: சன்ஸ்கிரீன் கலந்த மாய்ஸ்சரைசர் வாங்கும் முன்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் காலையில் தோட்டத்துக்குக் கிளம்பும் பெண்கள் முகத்துக்கு ஒரே க்ரீமைத்தான் பூசுவார்கள். அந்த ஒன்றையாவது பார்த்து வாங்க வேண்டும்.

முதலில் முன்பக்கம். எஸ்பிஎஃப் என்ற வெயில் தடுப்பு எண் 30க்குக் குறையக் கூடாது. அது பெரும்பாலும் தோலைச் சுடும் யுவிபி கதிருக்கான கணக்கு. முகத்தைக் கருக்கவைக்கும் யுவிஏ கதிருக்கு பிஏ குறியில் மூன்று கூட்டலாவது (PA+++) வேண்டும். கற்றாழைப் படம் அலங்காரம்.

அடுத்து, 'நாட்' (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண்; மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ கொடுப்பது. அதை அவர்கள் தளத்தில் தேடிப் பாருங்கள். எண் இருப்பதாலேயே தரம் சோதிக்கப்பட்டது என்று ஆகாது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் எண்ணே இல்லாமல் விற்கும் வெள்ளையாக்கும் க்ரீமைத் தொடவே வேண்டாம். பாதரசம் கலந்திருந்தாலும் பட்டியலில் எழுத மாட்டார்கள்.

இனி பின்பக்கத்துப் பொருள் பட்டியல். பொடி எழுத்து, போனில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். சிவப்பு, பச்சை மதிப்பெண் போடும் ஆப்களை நான் நம்புவதில்லை. அவற்றுக்கு அளவு தெரியாது.

அளவை எப்படி ஊகிப்பது? பலரும் சிக்குவது இங்கேதான். ஒரு சதவீதத்துக்கு மேல் இருப்பவை அதிகத்திலிருந்து குறைவுக்கு வரிசையாக வரும். அதற்குக் கீழே இருப்பவற்றை எப்படியும் எழுதலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று அச்சிட மாட்டார்கள். ஃபீனாக்ஸிஎத்தனாலைத் தேடுங்கள். அந்தப் பதப்படுத்தும் பொருளுக்குச் சட்ட வரம்பே ஒரு சதவீதம். ஆகவே நிறமிகள் தவிர அதற்குப் பின்னால் வரும் எதுவும் ஒரு சதவீதத்தைத் தாண்டாது. கற்றாழைச் சாறு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும். வெயிலைத் தடுக்கும் பொருள்கள் எல்லாமே அங்கே கிடந்தால் டப்பாவைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

அந்தப் பொருள்களின் பெயர்கள்: ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டைஆக்ஸைடு, ஆக்டோக்ரைலீன், எத்தில்ஹெக்ஸைல் மெத்தாக்ஸிசின்னமேட். அவோபென்சோன் என்ற பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன் என்றிருக்கும். அதோடு சின்னமேட் சேர்ந்தால் வெயிலில் இரண்டும் சிதையும். ஆக்டோக்ரைலீன் கூட இருந்தால் அவோபென்சோன் தாக்குப்பிடிக்கும்.

ஜிங்க் நல்லதுதான், ஆனால் நம் நிறத்தில் விபூதி பூசியதுபோல் தெரியும். இந்தப் புழுக்கத்துக்கு கிளிசரின், நியாசினமைடு (வைட்டமின் பி3) உள்ள ஜெல்தான் என் தேர்வு.

பின்சேர்க்கை: அமெரிக்க டப்பாவில் வரிசை வேறாக இருக்கிறதே என்று ஓர் அக்கா கேட்டார். அங்கே வெயில் தடுப்புப் பொருள்களைச் சதவீதத்தோடு தனியாக மேலே போடுவார்கள். மேலே சொன்ன கணக்கை மீதிப் பட்டியலுக்கு மட்டும் போடுங்கள். இன்னொருவர் எவ்வளவு பூசுவது என்றார். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்குங்கள். ஆய்வகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவித்தான் எஸ்பிஎஃப் அளக்கிறார்கள். பட்டாணி அளவு தொட்டுக்கொண்டால் டப்பாவில் போட்ட 50 கிடைக்காது.