ரோம் வெயிலுக்கு ஒரு காலி பாட்டில்

ரோமுக்குப் போகும் சுற்றுலாக் கப்பல்கள் நிற்பது சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில். அங்கிருந்து பஸ்ஸோ ரயிலோ பிடித்து ஊருக்குள் போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஜூலை, ஆகஸ்டில் போனால் சுற்றுவதெல்லாம் உச்சி வெயிலில்தான்.

கிளம்பும்போது காலி பாட்டில் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டாம், கொலோசியத்துக்குள் விடமாட்டார்கள். ரோம் தெருக்களில் 'நசோனி' எனப்படும் வார்ப்பிரும்புக் குழாய்கள் ஏறக்குறைய 2,500 இருக்கின்றன. 1870களில் வைக்க ஆரம்பித்தவை. பெரும்பாலானவற்றில் குடிநீர் நிற்காமல் ஓடும். நன்றாகக் குளிர்ந்தும் இருக்கும். பாட்டில் இல்லையென்றாலும் பரவாயில்லை. குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் எழும்பும், குனிந்து குடிக்கலாம். குழந்தைகளுக்கு இது ஒரு விளையாட்டு! 'நோன் பொத்தாபிலே' (குடிக்க உகந்ததல்ல) என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்கக் கூடாது.

அப்புறம், ஒரு மெல்லிய துப்பட்டா. தலைக்கும் ஆகும், தேவாலயத்துக்குள் நுழையத் தோளை மூடவும் ஆகும். களைப்பாற தேவாலயங்களை விட்டால் நல்ல இடம் இல்லை என்பேன். தடித்த சுவர், உள்ளே குளுகுளு. ஆனால் சின்னக் கோவில்கள் பல மதியம் பூட்டிவிடும். ஊருக்குள் இருக்கும் பிரபலமான ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், 2019 முதல் அதற்கு அபராதம்.

கப்பல்காரர்களின் சுற்றுலாவில் சேராமல் தனியாகச் சுற்றுபவர்கள் திரும்பும் ரயிலைச் சற்று முன்னதாகவே பிடியுங்கள். கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது.