எம்.எஸ். உள்ளவர்களுக்கு உதவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளின் மேலுறையைத் தாக்கும் நோயான மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) உள்ளவர்களுக்கு உதவ முன்வரும் சின்னச் சின்ன அறக்கட்டளைகள் பெருகியிருப்பது நல்ல விஷயம். ஆனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். சில்லறைப் பிழைகளை விட்டுவிடுவோம்.

மூன்று மாத மருந்துக்கு மட்டும் பணம் கொடுப்பது

வழக்கமாக நடப்பது இதுதான். நோயைக் கட்டுப்படுத்தும் ஃபிங்கோலிமோட் மாத்திரையை டாக்டர் எழுதிக்கொடுத்திருப்பார்; நோயாளிக்கு வாங்க வசதி இருக்காது. அறக்கட்டளை வசூல் செய்து மூன்று மாத மாத்திரை வாங்கித் தரும். நாலாவது மாதம் யாரும் கேட்பதில்லை, மாத்திரை நின்றுபோகிறது.

இதைத்தான் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை. இந்த மருந்து வெள்ளணுக்களில் ஒரு பகுதியை நிணநீர்க் கணுக்களை விட்டு வெளியேறாமல் தடுத்துவைக்கிறது. நிறுத்தினால் அவை மறுபடி ரத்தத்துக்கு வந்துவிடும். சிலருக்கு மருந்து தொடங்கும் முன் இருந்ததைவிடக் கடுமையாக நோய் திரும்புகிறது, பெரும்பாலும் 12 வாரங்களுக்குள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-லேயே இதை எச்சரித்துவிட்டது. நடந்துகொண்டிருந்தவர் சக்கர நாற்காலிக்குப் போன பிறகு மறுபடி வசூல் செய்து என்ன பயன்?

14 நாளுக்கு மேல் விட்டுப்போனால், வீட்டிலேயே திரும்பத் தொடங்கவும் கூடாது. முதல் வேளையில் நாடித்துடிப்பு குறையும் என்பதால், மருத்துவமனையில் ஆறு மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அதுவும் செலவுதான்.

ஆகவே முதல் ரூபாய் கொடுக்கும் முன் 12 மாதக் கணக்கு போடுங்கள். மாத்திரை மட்டுமல்ல, ரத்தப் பரிசோதனை, கல்லீரல் பரிசோதனை, மூன்று நான்கு மாதத்தில் கண் பரிசோதனை எல்லாம் அதில் வர வேண்டும். பணம் போதாதென்றால், தொடங்குவதற்கு முன்பே நரம்பியல் மருத்துவரிடம் பேசுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நரம்பில் ஏற்றும் ரிட்டுக்சிமாப் மருந்து போன்ற மாற்று வழிகள் இங்கே நடைமுறையில் உண்டு. ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவருக்கு மூன்று மாதம் கொடுத்தால், அடுத்த ஏற்பாட்டை அந்த மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா 1985-லிருந்து இயங்குகிறது, சென்னையிலும் கிளை உண்டு; அவர்களிடம் வழி கேளுங்கள்.

மாத்திரை தீர 15 நாள் இருக்கும்போதே போன் செய்யுங்கள்.

காய்ச்சலை நோயின் புதிய தாக்குதல் என்று எண்ணுவது

"கால் இழுக்குது, கண் மங்குது" என்று போன் வந்தால் உடனே ஸ்டீராய்டு பேச்சை எடுக்காதீர்கள். காய்ச்சல் உண்டா, சிறுநீர் எரிகிறதா, வெயிலில் அலைந்தாரா என்று முதலில் கேளுங்கள். உறை தேய்ந்த நரம்பில் உடல் சூடு ஏறினால் சமிக்ஞை தடுமாறும். சூடு தணிந்தால் சரியாகிவிடும். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல், புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால்தான் அது புதிய தாக்குதல். சிறுநீர்த் தொற்று இருப்பது தெரியாமல் தினம் ஒரு கிராம் மெத்தில்பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ஏற்றினால் தொற்று முற்றும். எதுவானாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும், சிறுநீர்ப் பரிசோதனையோடு.

மே மாதம் மாடியில் கூட்டம்

வேண்டாம்.

"பார்த்தா நல்லாத்தானே இருக்கீங்க"

சொல்லவே சொல்லாதீர்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழை மறந்துவிடுவது

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் எம்.எஸ். பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. முக்கியச் சலுகைகளுக்குச் சான்றிதழில் குறைந்தது 40 சதவீத பாதிப்பு இருக்க வேண்டும். மருத்துவக் குழு பார்ப்பதோ ஒரே ஒரு நாள். அன்று அவர் நன்றாக நடந்துவிட்டால் மற்ற நாட்கள் கணக்கில் வராமல் போகலாம். எம்.ஆர்.ஐ. அறிக்கை, டிஸ்சார்ஜ் சம்மரி, பார்வைப் பரிசோதனை எல்லாவற்றையும் கையில் கொடுத்தனுப்புங்கள். சிறுநீரை அடக்க முடியாததைப் பலர் வெட்கப்பட்டு மறைப்பார்கள். தனியாக உட்காரவைத்துக் கேட்டு, அதை நரம்பியல் மருத்துவரின் குறிப்பில் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.