கணினியில் ஸ்பாட்டிஃபை திறக்க மறுக்கிறதா? நீக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை

விண்டோஸ் கணினியில் ஸ்பாட்டிஃபை செயலியைத் திறந்ததும் பாடல் பட்டியலுக்குப் பதிலாகக் கறுப்புத் திரை மட்டும் தெரிந்தாலோ, வட்டம் ஓயாமல் சுழன்றுகொண்டே இருந்தாலோ, பலரும் உடனே செயலியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். அப்படிச் செய்தால் பிரீமியம் சந்தாவில் பதிவிறக்கி வைத்திருந்த பாடல்கள் அனைத்தும் போய்விடும் என்பதால், அதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் பழுது எங்கே இருக்கிறது என்று கண்டறியுங்கள். குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் ஸ்பாட்டிஃபையின் இணையதளத்தைத் திறந்து, அதே கணக்கில் நுழைந்து, ஒரு பாடலை ஒலிக்க விடுங்கள். அங்கே பாடினால் உங்கள் கணக்கும் இணைய இணைப்பும் நன்றாக உள்ளன, குறை செயலியில்தான் என்று பொருள். அங்கேயும் பாடவில்லை என்றால் மற்ற தளங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். கணினியின் தேதியும் நேரமும் சரியாக உள்ளனவா என்பதையும் கவனியுங்கள், ஏனெனில் தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஏற்கப்படாமல் இணைப்பு முறிந்துவிடும்.

குறை செயலியில்தான் என்று தெரிந்த பிறகு, அதை முழுமையாக மூடுங்கள். சாளரத்தை மூடினாலும் செயலி சில நேரங்களில் பின்னணியில் தங்கிவிடும். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, ஸ்பாட்டிஃபையின் பெயரைத் தேர்ந்தெடுத்து, 'எண்ட் டாஸ்க்' என்பதை அழுத்திவிட்டு மீண்டும் திறந்து பாருங்கள். செயலி திறந்தும் புதிய பாடல்கள் எதுவும் வரவில்லை என்றால், இடப்பக்க மேல்மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஃபைல்' பகுதியில் 'ஆஃப்லைன் மோட்' தவறுதலாக இயக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

கறுப்புத் திரையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஸ்பாட்டிஃபையின் கணினிச் செயலி, தன் திரையைக் குரோமியம் என்ற பிரவுசர் நிரலின் துணைகொண்டே வரைகிறது. அந்த வேலையின் ஒரு பகுதியை அது, திரைக் காட்சிகளை உருவாக்கும் பாகமான கிராபிக்ஸ் கார்டிடம் ஒப்படைக்கிறது. இதற்கு 'ஹார்ட்வேர் ஆக்சிலரேஷன்' என்று பெயர். அந்தக் கார்டை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் பழையதாகவோ பழுதாகவோ இருந்தால், பின்னால் பாட்டு ஓடினாலும் திரையில் எதுவும் தெரியாமல் போகலாம். ஸ்பாட்டிஃபையின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க முடிந்தால், அங்கே இந்த வசதியை அணைத்துவிட்டுச் செயலியை மீண்டும் தொடங்குங்கள். செட்டிங்ஸே தெரியவில்லை என்றால், முதலில் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துக் கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள்.

அதற்கும் சரியாகாவிட்டால், கேஷ் எனப்படும் தற்காலிகக் கோப்புகள் கெட்டிருக்கக்கூடும். ஸ்பாட்டிஃபையின் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' பகுதிக்குச் சென்று 'கிளியர் கேஷ்' என்பதை அழுத்துங்கள். பதிவிறக்கிய பாடல்களை இது தொடாது. ஆனால் செயலிகளின் தரவுகள் சேமிக்கப்படும் விண்டோஸின் 'ஆப்டேட்டா' கோப்புறைக்குள் சென்று ஸ்பாட்டிஃபையின் கோப்புறை முழுவதையும் கையால் அழித்தால் பதிவிறக்கங்களும் சேர்ந்தே அழியும் என்பதால், அங்கே கை வைப்பதற்கு முன் நன்கு யோசியுங்கள். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து நிறுவியவர்களுக்கு இன்னொரு எளிய வழி உண்டு: விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, ஸ்பாட்டிஃபையின் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதியில் 'ரிப்பேர்' என்பதை அழுத்துங்கள். அதற்குக் கீழே உள்ள 'ரீசெட்' செயலியின் தரவுகளை அழித்துவிடும் என்பதால், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அலுவலகம் அல்லது கல்லூரியின் வைஃபையில் மட்டும் இந்தச் சிக்கல் எழுந்தால், அங்குள்ள ஃபயர்வால் எனும் இணையத் தடுப்பு அமைப்பு ஸ்பாட்டிஃபையைத் தடுத்திருக்கலாம். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் பயன்படுத்துவோர் அதைச் சிறிது நேரம் அணைத்துச் சோதிக்கலாம்.

இவை எதுவும் பலன் தராதபோதுதான் செயலியை நீக்கிக் கணினியை மறுதொடக்கம் செய்து, ஸ்பாட்டிஃபையின் தளத்திலிருந்தோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்தோ மீண்டும் நிறுவ வேண்டும். நீங்கள் உருவாக்கிய பாடல் பட்டியல்களும் விரும்பிச் சேமித்த பாடல்களும் கணினியில் அல்லாமல் உங்கள் கணக்கிலேயே இருப்பதால், உள்ளே நுழைந்ததும் அவை திரும்பிவிடும். பதிவிறக்கங்களை மட்டும் மறுபடி இறக்கிக்கொள்ளுங்கள்.