மேற்குச் சுவரில் தொடங்குங்கள்: வன்னி வீட்டுக்கு ஓலை, கொடி, மண்குடம்

வீட்டுக்குள் கொஞ்சம் பச்சை வேண்டும் என்று நினைப்பவர்கள் விறாந்தையில் இரண்டு பூச்சாடி வைப்பதோடு தொடங்குகிறார்கள். சாடி அழகுதான். ஆனால் சித்திரை வெயிலில் தகரத்துக்குக் கீழே இருப்பவருக்கு அதனால் ஒரு ஆறுதலும் இல்லை. சீமெந்துக் கல் சுவர் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, இரவு பாய் விரிக்கிற நேரத்தில் அதை அறைக்குள் விடும். ஆகவே முதல் வேலை கூரையில், அடுத்தது மேற்குச் சுவரில். சாடி கடைசி.

கூரைக்குக் கிடுகு. தகரத்தின் மேல் போட்டால்தான் முழுப் பயன், ஏனென்றால் வெயில் தகரத்தைத் தொடுவதற்கு முன்பே தடுபடுகிறது. தகரத்தோடு ஒட்டிப் போடக்கூடாது. மூன்று நான்கு அங்குலத் தடிப்புள்ள கம்புகளைக் கூரைச் சரிவின் வழியே 2 அடிக்கு ஒன்றாக வைத்து, அவற்றின் மேல் குறுக்கே கிடுகை அடுக்குங்கள். இடையில் விடுபட்ட வழியால் சூடான காற்று முகட்டை நோக்கி ஏறி வெளியேறும். நிழலுக்கு மட்டும் என்பதால் ஒன்றின் மேல் ஒன்று நான்கு அங்குலம் ஏறினால் போதும். 10 அடிக்கு 10 அடி அறைக்கு 25 கிடுகு அளவில் தேவைப்படும். தகரத்தில் ஆணி அடிக்க வேண்டாம், அந்த ஓட்டையால் மாரியில் ஒழுகும். கம்புகளைக் கூரை ஓரத்து மரத்தோடு கம்பியால் இறுக்கிக் கட்டுங்கள். வைகாசிக்குப் பிறகு சோளகம் வேகமாக அடிக்கும்போது அரைகுறையாகக் கட்டியது பக்கத்து வளவில்தான் கிடக்கும். மாசியில் ஏற்றிய கிடுகைப் புரட்டாசிக் கடைசியில் இறக்கிவிடுங்கள். மழையில் ஊறிய ஓலை தகரத்தின் மேல் கிடந்தால் கறள் பிடிக்கும்.

அஸ்பெஸ்ரஸ் சீற் என்றால் கதை வேறு. அதன் மேல் ஏறக்கூடாது, உடையும். துளைக்கவோ தேய்க்கவோ கூடாது, அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. உள்ளே, சீற்றுக்கு ஒரு சாண் கீழே, கிடுகையோ பன்பாயையோ தட்டாகக் கட்டி, இரண்டு ஓரத்தையும் காற்றுப் போக விடுங்கள். மின்கம்பி குழாய்க்குள் இருக்க வேண்டும். பல்ப் ஓலையைத் தொடக்கூடாது. அடுப்படியில் இந்தத் தட்டு வேண்டவே வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை இறக்கித் தட்டிப் பாருங்கள். எலி குடியேறினால் அதைத் தேடிப் பாம்பும் வரும்.

மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில்தான் மோசம். அதற்குக் கொடிப்பந்தல். பந்தலைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நிறுத்துங்கள். சுவரிலேயே படரவிட்டால் ஈரமும் எறும்பும் சுவருக்குள் போகும், பூசியது உரியும். கிளிசறியாத் தடியை மாரி தொடங்கும்போது நட்டால் துளிர்த்து உயிர்த்தூணாக நிற்கும், கறையானுக்குப் பயமில்லை. தூண்களுக்கு இடையில் ஒரு அடிக்கு ஒன்றாகக் கம்பி இழுங்கள். பயிற்றை, பாகல், பசளி போன்ற பாரம் குறைந்த கொடிகளுக்குப் பழைய மீன்வலையே போதும். கொடித்தோடைக்கு வலை தாங்காது, கம்பிதான் வேண்டும். எங்கள் தெரிவும் கொடித்தோடைதான்: இலை அடர்த்தி, வருடம் முழுக்கப் பச்சை, பழமும் கிடைக்கும். 10 அடிச் சுவருக்கு இரண்டு கன்று. ஒன்றரை அடிக் குழி வெட்டி, கிரவலை அகற்றி, மேல்மண்ணோடு ஒரு வாளி மக்கிய மாட்டெரு கலந்து, ஐப்பசி மழையோடு நடுங்கள். மாரி ஈரத்தில் வேர் பிடித்துவிட்டால் பங்குனி வெயிலைத் தாங்கும். மாசியில் நட்டவர்கள்தான் “இங்கே கொடித்தோடை வராது” என்கிறார்கள்.

மழை விட்ட பின் ஒன்றைவிட்டு ஒருநாள் கன்றுக்கு ஒரு வாளி தண்ணீர். அரிசி கழுவிய தண்ணீர் நல்லது, சவர்க்காரத் தண்ணீர் வேண்டாம். பெரும்போக வைக்கோலை அடியில் பரப்பினால் ஈரம் நிற்கும். ஆனால் வைக்கோல் சுவரடியைத் தொடக்கூடாது, கறையானுக்கு அதுவே பாலம். முதல் ஆறு மாதமும் வேலி இல்லாவிட்டால் கட்டாக்காலி மாடு ஒரே இரவில் முடித்துவிடும். நிழலுக்கென்று யன்னலோரம் முருங்கை வைக்காதீர்கள். மயிர்க்கொட்டி பிடித்தால் யன்னலைத் திறக்கவே முடியாது. வேம்பு நல்லது, சுவரிலிருந்து 15 அடியாவது தள்ளி வையுங்கள்.

உள்ளே மண்குடம். புதுக்குடத்தை ஒரு நாள் தண்ணீரில் ஊறவைத்து, ஈர மணல் பரப்பிய தட்டில், காற்றோட்டமான மூலையில் வையுங்கள். மண்ணின் நுண்துளைகளால் கசியும் தண்ணீர் ஆவியாகும்போதுதான் குடம் குளிர்கிறது. அதனால் காய்ந்த சோளகத்தில் நன்றாகக் குளிரும், ஈரமான வாடைக் காற்றில் அவ்வளவு குளிராது. வன்னிக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் கடினமானது; சில மாதத்தில் வெளிப்புறம் வெள்ளையாகப் படிந்து துளையை அடைத்துவிடும். புளித்தண்ணீரும் தும்பும் கொண்டு தேய்த்தால் படிவு கரையும். சவர்க்காரம் போட்டால் அது துளைக்குள் போய்த் தண்ணீர் மணக்கும். குடம் தண்ணீரைக் குளிர்விக்கும், சுத்தமாக்காது. கொதிக்கவைத்து ஆறியதையே ஊற்றுங்கள். இதே முறையில், சோளகம் வரும் தென்மேற்கு யன்னலில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு எதிர் யன்னலைத் திறந்தால் அறை கொஞ்சம் தணியும், தெருக் கிரவல் தூசும் சாக்கில் படியும்.

இனிச் சாடி. வீட்டுச் செடி காற்றைச் சுத்தமாக்கும் என்ற பேச்சுக்கு மூலம் நாசாவின் 1989 ஆய்வு. அது மூடிய சிறு கூண்டுக்குள் நடந்தது. யன்னல் திறந்த வீட்டில் நாலு செடி அப்படி ஒன்றும் செய்யாது. கண்ணுக்குக் குளிர்ச்சி என்பதற்காக வையுங்கள், அதுவே போதிய காரணம். போத்தலில் மணிப்பிளான்ற் வைத்தால் ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை போத்தல் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தண்ணீர் மாற்றினால் மட்டும் போகாது. சாடிக்கு அடியில் உள்ள தட்டும் அப்படித்தான்.

அலங்காரத்துக்குக் கல், காய்ந்த வேர், மரக்கட்டை தேடிப் பற்றைக்குள் போகிறவர்கள், சிவப்பு மிதிவெடி எச்சரிக்கைப் பலகை நிற்கிற பக்கம் காலே வைக்க வேண்டாம். பலகை இல்லாத இடத்திலும் மண்ணில் பாதி புதைந்த உலோகத்தைத் தொடாமல் திரும்பிப் பொலிசுக்கு அறிவியுங்கள். வேண்டிய கட்டை உங்கள் வளவிலேயே விழுந்த பனையில் கிடைக்கும்.